எட்வர்ட் மன்னர் பள்ளியும் எங்கள் வீட்டுப் பரீட்சையும்

வியாழன், ஸ்ட்ராட்ஃபோர்டு

ஸ்ட்ராட்ஃபோர்டு-அபான்-ஏவனில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராக ஹென்லி தெருவுக்குப் போகிறார்கள். ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு அங்கேதான். எனக்கு அவர் படித்த எட்வர்ட் மன்னர் பள்ளியைப் பார்க்க வேண்டும். மதுரையில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர் நான். ஊர் ஊராகப் போனாலும் கண் பள்ளிக்கூடத்தைத்தான் தேடும்.

இந்தத் தடவை வீட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. தம்பி குடும்பம் கவென்ட்ரியில் இருக்கிறது. அவன் மகனுக்கு வருகிற செப்டம்பரில் 'இலெவன் பிளஸ்', அதாவது கிராமர் ஸ்கூல் நுழைவுத் தேர்வு. வீட்டில் மூன்று மாதமாக டிவி ஓடவில்லை. சாப்பாட்டு மேசை முழுக்க மாதிரி வினாத்தாள். பையனுக்கு இன்னும் பத்து வயதே முடியவில்லை.

தெரியாதவர்களுக்காக: இங்கிலாந்தில் கிராமர் ஸ்கூல் என்றால் அரசுப் பணத்தில், ஃபீஸ் வாங்காமல் நடக்கிற பள்ளி. ஆனால் நுழைவுத் தேர்வு எழுதித்தான் ஏழாம் வகுப்பில் சேர முடியும். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு நாடெங்கும் இந்த ஏற்பாடு இருந்தது. 1965-இல் லேபர் அரசு அனுப்பிய சுற்றறிக்கையோடு அது கலையத் தொடங்கி, பெரும்பாலான ஊர்களில் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் வந்துவிட்டன. இன்று இங்கிலாந்து முழுக்க 163 கிராமர் பள்ளிகள்தான் மிச்சம். புதிதாகத் தொடங்க 1998 சட்டம் இடம் தரவில்லை. இருக்கிற இடத்துக்கு அடிதடி நடப்பதில் ஆச்சரியம் என்ன?

ராதர் தெருவில் ஒரு மணிக்கூண்டு நீரூற்று. பிலடெல்பியாவைச் சேர்ந்த பத்திரிகை முதலாளி ஜார்ஜ் சைல்ட்ஸ், விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்காக 1887-இல் ஊருக்குக் கொடுத்தது. திறந்து வைத்தவர் அன்றைய பெரிய நடிகர் ஹென்றி இர்விங். எல்லாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எடுத்ததற்குக் காரணம் வேறு. எட்வர்ட் மன்னர் பள்ளியும் கிராமர் பள்ளிதான். அதில் சேர முன்னுரிமை தருவதற்காக வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். பதினேழு மைலுக்குக் கொஞ்சம் குறைந்த ஆரம். வட்டத்தின் மையப் புள்ளி இந்த நீரூற்று! தம்பி வீடு கவென்ட்ரியின் கிழக்கு ஓரம். வட்டத்துக்கு வெளியே. "ரெண்டு, மூணு மைல்ல போச்சுக்கா" என்று அவன் சொன்னபோது விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் சர்ச் தெருவில் நடந்தேன். முனையில் கல்லால் கட்டிய கில்டு சேப்பல். அதை ஒட்டி, கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமாக மாடி முன்னே தள்ளிய நீளமான கில்டுஹால். பள்ளியின் பழைய வகுப்பறை அதன் மாடியில்தான். அதே வரிசையில் முதியோருக்கான தர்ம வீடுகள். ஜன்னலில் பூந்தொட்டி, வாசலில் பால் பாட்டில். இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் மூலையில், ஷேக்ஸ்பியர் சம்பாதித்த பிறகு 1597-இல் வாங்கிய நியூ பிளேஸ் இருந்த இடம். வீடு இல்லை, தோட்டம்தான். பின்னால் வந்த உரிமையாளர், ஒரு பாதிரியார், 1759-இல் வீட்டை இடித்துவிட்டார். படித்த பள்ளிக்கு எதிரிலேயே, ஊரின் பெரிய வீடுகளில் ஒன்றை வாங்கிக் குடியேறியிருக்கிறார் மனிதர். பழைய மாணவர்களில் சிலருக்கு அப்படி ஓர் ஆசை உண்டு, மதுரையிலும் பார்த்திருக்கிறேன்.

வெள்ளி, மாடி வகுப்பறை

பத்தரைக்கே போய் நின்றேன். "பதினொண்ணுக்குத்தான்" என்றார்கள். மேலே வகுப்பு நடக்கிறதாம்.

பள்ளி நாட்களில் காலை நேரம் அந்த அறை மாணவர்களுக்கு. பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு. 2016 முதல்தான் பொதுமக்களை இப்படி முறையாக உள்ளே விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பிளேசர் போட்ட பையன்கள் தடதடவென்று படியிறங்கி வந்தார்கள். ஒருவன் சட்டை வெளியே. இன்னொருவன் யாருடைய பென்சில் டப்பாவையோ பிடுங்கிக்கொண்டு ஓடினான். எந்த ஊர் எட்டாம் வகுப்பும் இப்படித்தான் இறங்கும்.

கட்டடம் 1420 வாக்கில் 'ஹோலி கிராஸ் கில்டு' கட்டியது. கோயிலுக்கு விளக்கேற்றுவது, இறந்தவர்களுக்காக ஜெபம் செய்விப்பது, ஏழைகளைக் காப்பது, ஊர்ப் பஞ்சாயத்து எல்லாம் சேர்ந்த ஒரு சங்கம் அது. அந்தச் சங்கத்தின் பாதுகாப்பில் பள்ளியும் இருந்தது. ஊரில் ஆசிரியர் இருந்ததற்கு 1295-லேயே சான்று கிடைக்கிறது. முற்றத்தில் 'பெடகாக்ஸ் ஹவுஸ்' என்று ஒரு சிறு கட்டடம். 1427-இல் பள்ளிக்கூடத்துக்கென்றே கட்டியது, இங்கிலாந்தில் அந்த வகையில் மிகப் பழையவற்றில் ஒன்று. 1482-இல் தாமஸ் ஜாலிஃப் என்ற பாதிரியார் நிலம் எழுதி வைத்தார். நிபந்தனை: படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இலவசமாக இலக்கணம் கற்றுத் தர வேண்டும், யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது. 'வருகிற பிள்ளைகள்' என்பதற்கு மேல் வடிகட்டல் ஒன்றும் இல்லை. (பெண் பிள்ளைகள் கணக்கிலேயே இல்லை என்பது வேறு விஷயம். அதற்கு நாளைக்கு வருகிறேன்.)

1547-இல் இப்படிப்பட்ட மதச் சங்கங்களை எல்லாம் அரசு கலைத்துச் சொத்தை எடுத்துக்கொண்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை. 1553 ஜூன் 28 அன்று ஆறாம் எட்வர்ட் சாசனம் தந்து, ஊருக்கு நகரசபையையும் பள்ளிக்கு மறுவாழ்வையும் கொடுத்தார். ஜூலை 6-ஆம் தேதி மன்னர் இறந்துவிட்டார், பதினைந்து வயதில். பத்து நாள் தள்ளிப்போயிருந்தால் பள்ளிக்கு இந்தப் பெயர் இல்லை.

மாடி அறை நீளமானது. தலைக்கு மேலே கருவாலி உத்திரங்கள், ஒன்றுகூட நேராக இல்லை. தரைப்பலகை ஓர் இடத்தில் ஏறி ஓர் இடத்தில் இறங்குகிறது. பழைய மேசைகளில் கத்தியால் செதுக்கிய பெயர்கள், ஒன்றின் மேல் ஒன்று. ஒரு மேசையில் கை வைக்க வழுவழுப்பான இடமே கிடைக்கவில்லை. ஒரு எழுத்து, அதற்குப் பக்கத்தில் ஆண்டு, அதைத் தின்றுகொண்டு அடுத்த தலைமுறைப் பையனின் எழுத்து. மேசைகள் ஷேக்ஸ்பியர் காலத்தவை அல்ல, பிற்பாடு வந்தவை. அறை அவர் காலத்தது.

அவர் இங்கே படித்தார் என்பதற்குப் பதிவேடு இருக்கிறதா என்றால், இல்லை. அந்தக் காலத்து மாணவர் பட்டியல் எதுவுமே மிஞ்சவில்லை. ஆனால் அப்பா ஜான் ஷேக்ஸ்பியர் 1568-இல் ஊரின் 'பெய்லிஃப்', அதாவது நகரசபைத் தலைவர். சபை கூடியது இதே கட்டடத்தில். வீடு நடை தூரம். மகனை வேறெங்கே அனுப்பியிருப்பார்? கையுறை தைக்கிற அந்தத் தொழிலாளி ஆவணங்களில் பெயர் எழுதாமல் அடையாளம்தான் போட்டிருக்கிறார். மகனுக்குக் கிடைத்ததோ ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வாத்தியார்கள்: சைமன் ஹன்ட், தாமஸ் ஜென்கின்ஸ். ஆசிரியர் சம்பளம் வருடத்துக்கு 20 பவுண்ட், தங்க வீடு. அன்றைக்கு அது தாராளம்.

கறுப்பு அங்கி போட்ட ஒருவர் 'மாஸ்டர் ஜென்கின்ஸ்' ஆக வந்து எங்களை பெஞ்சில் உட்கார வைத்தார். கையில் பிரம்பு. எழுந்து நின்று லத்தீனில் வணக்கம் சொல்லச் சொன்னார். எனக்கு முன்னால் இருந்த ஜெர்மன் தாத்தா சத்தம் போதவில்லை என்று திட்டு வாங்கினார். வாத்து இறகைச் சீவிய பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். நான்கு எழுத்துக்கு ஒரு தடவை மையில் தோய்க்க வேண்டும். அழுத்தினால் முனை பிளந்துகொள்கிறது.

விளையாட்டாக இருந்தாலும் பாடமுறை பற்றி அவர் சொன்னது பொழுதுபோக்கு அல்ல. கோடையில் காலை ஆறு மணி, குளிர்காலத்தில் ஏழு. மாலை ஐந்து வரை. வாரத்துக்கு ஆறு நாள். வில்லியம் லிலியின் லத்தீன் இலக்கணத்தை முழுக்க மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு ஈசாப், டெரன்ஸ், விர்ஜில், ஓவிட். லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, புத்தகத்தை மூடிவிட்டு, தன் ஆங்கிலத்திலிருந்து மறுபடி லத்தீனுக்குப் பெயர்த்து, மூலத்தோடு ஒப்பிட வேண்டும். கணக்கு? கிடையாது. (என் முகம் வாடியதை அவர் கவனித்திருப்பார்.) நாடகம் உண்டு. பேச்சுப் பயிற்சிக்காக லத்தீன் நகைச்சுவை நாடகங்களைப் பையன்கள் நடித்தார்கள். ஒரே விஷயத்தின் இரு பக்கத்தையும் மாறி மாறி வாதாடப் பழக்கினார்கள். ஒரு நாடகாசிரியருக்கு இதைவிட நல்ல பயிற்சி எது? 'மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்ஸர்' நாடகத்தில் வாத்தியார் ஒருவர் வில்லியம் என்ற பையனிடம் லத்தீன் வேற்றுமைகளைக் கேட்டு வதைக்கும் காட்சி வருகிறது. பெயரையாவது மாற்றியிருக்கலாம்.

கீழ்த்தளக் கூடத்தில்தான் ஊருக்கு வரும் நாடகக் குழுக்கள் முதலில் நகரசபைக்கு நடித்துக் காட்டும். 1569-இல் ராணியின் குழுவுக்கு ஒன்பது ஷில்லிங், வொர்ஸ்டர் பிரபுவின் குழுவுக்கு பன்னிரண்டு பென்ஸ் என்று சபைக் கணக்கில் இருக்கிறது. அந்த வருடச் செலவு ஜான் ஷேக்ஸ்பியர் தலைமையில் போனது. மகனுக்கு ஐந்து வயது.

வெளியே வரும் வழியில் சேப்பலுக்குள் எட்டிப் பார்த்தேன். பள்ளியின் வழிபாட்டுக் கூட்டங்கள் இங்கேதான். வளைவுக்கு மேலே கடைசித் தீர்ப்பு நாள் ஓவியம், பாதி மங்கியது. மதச் சீர்திருத்த காலத்தில் படங்களை அழிக்க உத்தரவு வந்தபோது ஊர்ப் பொருளாளராக இருந்து அதற்கு இரண்டு ஷில்லிங் செலவெழுதியவர் இதே ஜான். சுரண்டாமல் சுண்ணாம்பு அடித்தார்கள். அதனால் ஓவியம் பிழைத்தது.

சனி, ஊர்வலம்

ஏப்ரல் 23-ஐ ஒட்டிய சனிக்கிழமை, ஷேக்ஸ்பியர் பிறந்தநாள் கொண்டாட்டம். தம்பி குடும்பத்தோடு காரில் வந்து சேர்ந்தான். தெருவெங்கும் கொடிக்கம்பங்கள், எல்லார் சட்டையிலும் ரோஸ்மேரிக் கிளை.

ஊர்வலத்தில் தூதர்கள், நகரசபைக்காரர்கள், நடிகர்கள் எல்லாரும் போகிறார்கள். ஆனாலும் இது பள்ளிக்கூடத்துப் பையன்கள் தொடங்கி வைத்தது. 1893-இல் தலைமையாசிரியராக இருந்த ராபர்ட் டி கூர்சி லஃபான், மாணவர்களைக் கையில் பூவோடு ஹோலி ட்ரினிட்டி சர்ச்சுக்கு நடத்திக்கொண்டு போய்க் கல்லறையில் வைக்கச் செய்தார். அன்றிலிருந்து பையன்கள் நடக்கிறார்கள். சர்ச்சில் உள்ள ஷேக்ஸ்பியர் மார்பளவுச் சிலையின் கையில் உண்மையான இறகுப் பேனா ஒன்று இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதுசாக மாற்றுகிறார்கள்.

இந்த லஃபான் சுவாரசியமான ஆள். இங்கிருந்து செல்ட்டன்ஹாம் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். 1897-இல் லஹாவ்ர் நகரில் நடந்த ஒலிம்பிக் மாநாட்டில் பேசி, நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியேர் த கூபெர்த்தாவுக்கு நெருங்கிய நண்பரானார். பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கத்தின் முதல் செயலாளர் அவர்தான்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணியின் மகன் ஊர்வலத்தில் போனான். பேச்சுக் கொடுத்தேன். அவனுக்கு வாரம் எப்படிப் போகிறது என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொன்னார்: குளிர்காலத்தில் ரக்பி, இப்போது கிரிக்கெட், நடுவில் ஹவுஸ் போட்டிகள், பள்ளி விட்ட பிறகு ஒத்திகை. "படிப்பெல்லாம் எப்போ?" என்றேன். "அது பஸ்ஸில்" என்று சிரித்தார். லத்தீன் இன்றும் பாடத்தில் உண்டு. அதற்காக அழுவதும் உண்டாம்.

ஒத்திகை என்று அவர் சொன்னது 'எட்வர்ட்ஸ் பாய்ஸ்' குழுவை. பெரி மில்ஸ் என்ற ஆசிரியர் உருவாக்கியது. ஷேக்ஸ்பியர் காலத்தில் லண்டனில் சிறுவர்கள் மட்டுமே நடிக்கும் கம்பெனிகள் இருந்தன. செயின்ட் பால்ஸ் கோயில் பாடகர் சிறுவர்கள், பிளாக்ஃபிரையர்ஸ் சிறுவர்கள் என்று பெரியவர்களின் குழுக்களுக்கே போட்டி. அவர்களுக்காக ஜான் லிலி, ஜான் மார்ஸ்டன் போன்றவர்கள் எழுதிய நாடகங்களை நானூறு வருடமாக யாரும் பெரிதாக மேடையேற்றவில்லை. பதினொன்றிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள இந்தப் பள்ளி மாணவர்கள் அவற்றை எடுத்து நடிக்கிறார்கள், பெண் வேடம் உட்பட. பேராசிரியர்கள் குறிப்பெடுக்க வருகிறார்கள். நம் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனிகள் ஞாபகம் வந்தன. அங்கே வறுமையில் வந்த பிள்ளைகள் சோற்றுக்காகச் சேர்ந்தார்கள். இங்கே சனி, ஞாயிறில் ரக்பி ஆடிவிட்டு கவுன் மாட்டுகிறார்கள். ஸ்த்ரீபார்ட் போடும் பையனின் கூச்சம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

தம்பி மகனுக்கு ஊர்வலம் அலுத்துவிட்டது. "அத்தை, இந்த ஸ்கூல்ல சேர்ந்தா வருஷா வருஷம் நடக்கணுமா?" என்று கேட்டான். அவன் தங்கைக்கு ஏழு வயது. அவளுக்கு வேறு சந்தேகம். "நான் நடக்கலாமா?"

2013 முதல் இந்தப் பள்ளியின் மேல்நிலை இரண்டு வகுப்புகளில் பெண்களும் படிக்கிறார்கள். அதற்குக் கீழே பையன்கள் மட்டும்தான். அவளுக்காக மத்தியானம் ஷாட்டரி வரை நடந்தோம். ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாதவேயின் கூரைவீடு இருக்கிற கிராமம். அங்கேதான் பெண்களுக்கான கிராமர் பள்ளி, 1958-இல் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கு 1295-லிருந்து சான்று இருக்கிறது. பெண்களுக்கு அறுநூற்று அறுபத்துமூன்று வருடம் கழித்து. கணக்கு டீச்சர், கழித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஞாயிறு, ரக்பி

தம்பி வீட்டிலிருந்து ரக்பி ஊர் கிட்டத்தில். ஆட்டத்துக்கு ஊர்ப் பெயர்; ஊர் என்றால் பள்ளி. 1823-இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார் என்ற கதைக்கு வெண்கலச் சிலையே இருக்கிறது. கதையை முதலில் எழுதியது 1876-இல், எல்லிஸ் இறந்த பிறகு. சாட்சி யாரும் இல்லை. 1845-இல் மாணவர்களே விதிகளை எழுதி அச்சிட்டார்கள் என்பது மட்டும் உறுதி. வாத்தியார்கள் அல்ல, பையன்கள்! நேற்றைய கூபெர்த்தா இங்கேயும் வருகிறார். தாமஸ் ஆர்னால்ட் தலைமையாசிரியராக இருந்த பள்ளி என்று தேடி வந்து பார்த்து, விளையாட்டும் கல்வியில் சேர்த்தி என்ற எண்ணத்தோடு போனார்.

எனக்கு இதைவிட முக்கியம் லாரன்ஸ் ஷெரிஃப். முதலாம் எலிசபெத்துக்கு மளிகைச் சாமான் கொடுத்த லண்டன் வியாபாரி, சொந்த ஊர் ரக்பி. 1567-இல் இறக்கும்போது ஊர்ப் பையன்கள் இலவசமாகப் படிக்கப் பள்ளி நடத்தச் சொல்லி எழுதி வைத்தார். வைத்த சொத்தில் லண்டனுக்கு வெளியே மாடு மேயும் எட்டு ஏக்கர் நிலமும் ஒன்று. லண்டன் வளர்ந்து அந்த நிலத்தை விழுங்கியது. லேம்ப்ஸ் காண்டுயிட் தெருப் பக்கம் ரக்பி தெரு என்று இன்றும் இருக்கிறது. வாடகை கொட்டியது. பணம் வந்ததும் பெரிய இடத்துப் பிள்ளைகள் வந்தார்கள், விடுதிகள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில், மளிகைக்காரர் யாருக்காக எழுதி வைத்தாரோ அந்த ஊர்ப் பையன்களுக்கான இலவச உரிமை போயிற்று. அதற்கு ஈடாக 1878-இல் அவர்களுக்கென்று தனியாக ஒரு பள்ளி கட்டினார்கள்: இன்றைய லாரன்ஸ் ஷெரிஃப் கிராமர் பள்ளி. ஒரே உயில், ஒரே ஊர், இரண்டு வாசல். ஒன்றில் நுழையப் பணம் வேண்டும், மற்றதில் நுழைய மார்க் வேண்டும்.

மார்க் நியாயமானது என்று நானும் நம்பி வந்தவள்தான். ஆனால் தம்பி வீட்டு மேசையைப் பார்த்தபின் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சொற்பொருள், வாசித்துணர்தல், எண் திறன், வடிவங்களைச் சுழற்றிப் பார்ப்பது என்று தேர்வில் வருவதில் பாதி பள்ளியில் அந்த வடிவில் நடத்துவதே இல்லை. டியூஷன் மணிக்கு இத்தனை பவுண்ட் என்று கொடுக்க முடிந்தவர்கள் ஒன்றரை வருடம் முன்னாலேயே தொடங்கிவிடுகிறார்கள். நீட் கோச்சிங் பார்த்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஜாலிஃப் பாதிரியார் 'எதுவும் வாங்கக் கூடாது' என்றார். பள்ளி இன்றைக்கும் வாங்குவதில்லை. வாசலுக்கு வருவதற்குள் வேறு யாரோ வாங்கிவிடுகிறார்கள்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். கோபப்படவில்லை. "அக்கா, தனியார் ஸ்கூலுக்கு நான் எங்க போக? இது ஒண்ணுதான் காசில்லாம கிடைக்குது. நீ உன் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கலையா?" என்றான். எடுக்கிறேன். ஃபீஸ் வாங்காமல் எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவன், "அப்ப இவனுக்கும் எடு" என்றான்.

ராத்திரி லேப்டாப்பில் வரைபடத்தைத் திறந்து உட்கார்ந்தோம். லாரன்ஸ் ஷெரிஃப் பள்ளிக்கும் ஒரு வட்டம் உண்டு. மையம் ரக்பியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக் கோபுரம். தம்பி வீடு இந்த வட்டத்துக்குள் வருகிறது. அக்டோபர் 31-க்குள் விண்ணப்பத்தில் லாரன்ஸ் ஷெரிஃப் முதலாவது, எட்வர்ட் மன்னர் பள்ளி இரண்டாவது, வீட்டுப் பக்கத்துப் பள்ளி மூன்றாவது என்று எழுதுவதாகத் தீர்மானம். மார்ச் 1 அன்று எந்தப் பள்ளி என்று தெரியும். விமானம் ஏறும் வரை பையனுக்கு நான் தினமும் ஒரு மணி நேரம் பின்னம் நடத்துகிறேன். வடிவம் சுழற்றும் கணக்கில் அவன் எனக்கு நடத்துகிறான்.